பேய்க்கு ஒயரிங் பார்த்தவர்

மந்தைவெளியில் பேய்க்கு ஒயரிங் பார்த்த ஆள் ஒருவர்தான் இருந்தார். மதராஸ் முழுக்கத் தேடினாலும் இரண்டாவது ஆள் கிடைத்திருக்க மாட்டார். பெயர் யாருக்கும் தெரியாது. பேய் பேட்டரிக்காரர் என்று கேட்டால் எந்த ஜட்கா வண்டிக்காரனும் வழி சொல்வான்.

அந்தப் பட்டம் பின்னால் வந்தது. முதலில் அவர் வெறும் நாக்குக்காரர். பேட்டரியின் இரண்டு ஒயரையும் நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். "நாலரை கீது. ஆறு வரணும்" என்பார். மீட்டரில் பார்த்தால் நாலரைதான் காட்டும். உப்பு, உறைப்பு எதுவும் அந்த நாக்குக்குத் தெரியாது. வோல்ட் மட்டும் தெரியும்.

அவர் கொட்டகைக்குள் பகலிலும் இருட்டு. பலகைகள் மேல் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே ஆசிட் குமிழி விடும். இருபது பேர் வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம். நடுவில் ஒரு பலகையில் இவர் மல்லாந்து படுத்திருப்பார். ஆசிட் புகைக்காக முகத்தில் ஈரத்துணி.

ஒரு லாரி கிளீனர் அதைப் பார்த்துவிட்டு அலறி ஓடினான். பூமாலையோடு திரும்பி வந்தான். இவர் துணியை விலக்கி, "வெச்சிட்டுப் போ, நைனா. உள்ள செத்த பேட்டரி ஒண்ணு கீது" என்றார்.

அப்போதுதான் உலகச் சண்டை முடிந்திருந்தது. நான் பட்டாள லாரி ஓட்டிவிட்டு வந்தவன். என்னைப் போன்ற டிரைவர்கள் தெருவெல்லாம் ஈசல் மாதிரி. அபிராமபுரத்து முதலாளி ஒருவருக்கு அடையாற்றுக்கு அந்தப் பக்கம் வயல் இருந்தது. சீமை டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். ஓட்டியவன் அந்தோணி.

ஒரு நாள் உச்சி வெயிலில் அந்தோணி சீட்டில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். மாரடைப்பு. வண்டி நிற்கவில்லை. அவனை வைத்துக்கொண்டே உழுதுபோய் வேலியில் முட்டித்தான் நின்றது. அவன் உயிரோடு போட்ட எந்த உழவுச் சாலும் அவ்வளவு நேராக இல்லை.

அந்த வேலை எனக்கு வந்தது. ஸ்விட்சை அணைக்க யாருக்கும் தோன்றாததால் பேட்டரி வடிந்திருந்தது. சார்ஜ் ஏற்றி வந்ததும் நானே மாட்டினேன். ஒரு ஒயர் டைனமோவில் உரசிப் பொறி பறந்தது. சீட்டுப் பக்கம் பார்க்காமல் முடித்தேன்.

மறுநாள் வண்டியின் சார்ஜ் மீட்டரில் முள் திரும்பிக்கொண்டது. என்ஜின் ஓடினால் முள் வலப்பக்கம் போக வேண்டும். பேட்டரி நிரம்புகிறது என்று அர்த்தம். என்ஜினை நிறுத்தி விளக்கைப் போட்டால் இடப்பக்கம் போக வேண்டும். வடிகிறது என்று அர்த்தம். இங்கே எல்லாம் தலைகீழ். ஓட ஓட வடிந்தது. நிறுத்தி விளக்கைப் போட்டால் நிரம்பியது.

"அந்தோணிதான் உள்ள குந்திக்கினு கரண்ட்ட ஊத்துறான்" என்றாள் நாற்று நட வந்தவள். அன்று மதியமே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

முதலாளி வந்து முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பேயா இருந்தா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். எவனாவது கை வெச்சுக் கெடுத்திருந்தா அவன் வெளியே. எதுன்னு நாளைக்குத் தெரியணும்."

எதுவானாலும் என் சோறு போச்சு. நாக்குக்காரரைப் போய்க் கூட்டி வந்தேன்.

அவர் வரும்போதும் உச்சி வெயில். வயலில் காக்கை கூட இல்லை. வெறும் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தோணி, கொஞ்சம் நவுந்து குந்து" என்றார். பாதி சீட்டில் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். அணைத்தார். இறங்கிப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். கிளாம்புக்குள் செருகியிருந்த ஒரு தகரத் துண்டை உருவினார்.

"இது இன்னாது?"

"கிளாம்பு லூசா இருந்துச்சு அண்ணே. அதான் செருகினேன்."

"அந்தாண்ட கிளாம்பு?"

"அது எறங்கல. ஸ்குரூடிரைவரால நெம்பினேன்."

தகரத்தை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "பொடி" என்றார். என் இடுப்பைப் பார்த்தார். அங்கே மூடியில்லாத மூக்குப்பொடி டப்பா.

"பட்டாள லாரில மைனஸ் வண்டி பாடிக்குப் போவும். இதுல பிளஸ் போவணும். மாத்தி மாட்டாதன்னுதான் ஒரு குமிழ் தடியாவும் ஒண்ணு மெலிசாவும் வெச்சிக்கீறான். பேட்டரியே வாயத் தொறந்து சொல்லிக்கீது. நீ பொடி டப்பா மூடிய வெட்டி அதும் வாய அடச்சிட்ட."

பேய் நான்தான்.

பின்னால் செருப்புச் சத்தம். முதலாளி, நாலைந்து ஆட்களோடு.

"என்னய்யா, பேயா, மனுஷனா?"

தகரம் நாக்குக்காரர் கையில் இருந்தது. சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். கிளாம்புகளைக் கழற்றி மாற்றினார். ஒரு ஒயரை என்னிடம் கொடுத்து, அன்று உரசித் தலைகீழாகிப்போன டைனமோவைக் காட்டினார். நான் குனிந்து ஒரு தொடு தொட்டேன். பொறி பறந்தது.

அப்போது என் தலைக்கு மேலே ஒரு குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"நான் போறேன். டிரைவர மாத்தாத."

"அந்தோணி குரல்" என்றாள் நாற்றுக்காரி.

முதலாளி செருப்பைக் கழற்றினார். கையைக் கூப்பினார். "சரிப்பா அந்தோணி" என்றார்.

என்ஜினைக் கிளப்பினேன். முள் வலப்பக்கம் போனது.

திரும்பும்போது ஜட்காவில் நாக்குக்காரர் தகரத்தைத் துப்பினார். நாக்கில் நீளமாக வெட்டு. ரத்தம்.

"அந்தோணி மாதிரியே பேசினீங்க அண்ணே" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வாயில தகரத்த வெச்சிக்கினு எப்பிடிடா பேசறது?"

பாலம் தாண்டும் வரை நான் வயலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் பேய் பேட்டரிக்காரர். சலூனில் சிரித்தார்கள். "நைனா, என் மாமியாருக்கு எத்தினி வோல்ட்டு?" என்று கேட்டார்கள். "டெஸ்ட் பண்ண உன் நாக்க நீட்டு" என்பார். பொடி டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்டுப்பட்ட பிறகு அந்த நாக்கு அரை வோல்ட் தப்பாகச் சொன்னது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. நான் அந்த டிராக்டரை வருஷக்கணக்கில் ஓட்டினேன், பாதி சீட்டில் உட்கார்ந்து.

ஒரு நாள் சொல்லி அனுப்பினார்கள். கொட்டகைக்குப் போனேன். பேட்டரிகள் முனகிக்கொண்டிருந்தன. அதே பலகையில், முகத்தில் துணியோடு மல்லாந்து கிடந்தார். நான் மாலையோடு நின்றேன். "வெச்சிட்டுப் போ, நைனா" என்று சொல்வார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.