சிங்கராஜாவின் கோல்ஃப் சாமானும் வெள்ளச்சியின் வளையும்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று ஆரம்பித்தாலே, அவருக்குப் பசி என்றுதான் நினைப்பீர்கள். இவருக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது. வந்தது கோல்ஃப் ஆசை. பக்கத்துக் காட்டுப் புலி ஆடுகிறதாம். இவர் ஆடாமல் இருந்தால் ராஜா என்று யார் மதிப்பார்கள்?

புல்வெளி இருந்தது. மட்டையும் பந்தும் வந்தன. பந்து விழ ஒரு குழிதான் பாக்கி. காரியதரிசி நரி நாலு பக்கமும் பார்த்தது. தோண்டுகிற வேலை மிச்சம் என்று, ஏற்கெனவே இருந்த ஒரு வளையின் வாசலில் கொடியை நட்டுவிட்டது.

அது வெள்ளச்சி முயலின் வீடு.

வெள்ளச்சி வாயில்லாப் பூச்சி. ஆள் வந்தால் உள்ளே இருந்தே பதில் சொல்கிற ரகம். கொடி நட்ட நாளிலிருந்து அவள் வீட்டுக்குள் பந்து விழுந்தது. கீரையில் விழுந்தது. தூங்குகிற குட்டியின் தலையில் விழுந்தது. பெரியவன் நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போனது.

ஆனால் பிறத்தியார் பொருள் ஒரு நிமிஷம்கூட வீட்டில் தங்கக்கூடாது என்பது முயல்கள் வழக்கம். அதனால் விழுந்த பந்தைத் துணியால் துடைத்து, மரியாதையாக வெளியே உருட்டிவிடுவாள். குட்டிகளும் பழகிக்கொண்டன.

ராஜா தத்துப்பித்தென்றுதான் அடிப்பார். நாள் பூரா அடித்தால் சிலது விழத்தானே செய்யும்? அவர் நடந்து வந்து பார்க்கும்போது பந்து வெளியே பளபளவென்று உட்கார்ந்திருக்கும்.

"என்னய்யா குறை?" என்று கர்ஜித்தார்.

"சாமான் பத்தாது மகாராஜா," என்றது நரி.

மறுநாள் தமுக்கு அடித்தார்கள். ராஜா ஆட்டத்துக்குப் புதுசு, அவருக்கு உபயோகமான சாமான் கொண்டுவருபவருக்குக் கேட்டது கிடைக்கும்.

கேட்டது கிடைக்குமா? வெள்ளச்சி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கொடியைப் பிடுங்கி வேறு பக்கம் நடச் சொல்லலாம். குட்டிகள் நிம்மதியாகத் தூங்கும். கொண்டுபோக என்ன இருக்கிறது? பந்து துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற குரங்கு திரும்பிப் பார்த்தது. "என்னம்மா, கையில கரித்துணி?"

"பந்து தொடைக்கிறதுங்கண்ணே."

"ராஜா ஆடப் போறாரா, சட்டி கழுவப் போறாரா?"

வரிசையே சிரித்தது. வெள்ளச்சி காதுகளை மடக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

முதலில் கரடி கையுறை கொடுத்தது. அதில் இருந்த தேன் பிசுக்கில் மட்டை ஒட்டிக்கொண்டு, அடித்த வேகத்தில் ராஜாவும் சேர்ந்து சுற்றினார். மயில் குடை கொடுத்தது. முள்ளம்பன்றி, பந்தை நிறுத்தி வைக்கிற ஆணி என்று தன் முதுகிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தது. மான் தொப்பிகள் கொடுத்தது. குரங்கு, தூரம் காட்டும் கண்ணாடி கொடுத்தது.

"குழி ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கு!" என்றார் ராஜா, கண்ணாடி வழியாகப் பார்த்து.

"அது உங்க வால், மகாராஜா," என்றது குரங்கு பணிவாக.

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு திருவிழாவில் பலூன் விற்கிறவர் மாதிரி நின்றார். அடித்தார். நரி ஓடிப் போய்ப் பார்த்தது. பந்து குழிக்கு வெளியே.

"குழியின் வாய்தான் சின்னது மகாராஜா. யானையை விட்டு நாலு மிதி மிதிக்கச் சொன்னால் அண்டா அளவு ஆகிவிடும்," என்றது நரி.

"கூப்பிடு யானையை!"

யானை எழுந்தது. வளைக்குள் குட்டிகள் இருந்தன.

"ஐயா!" என்றாள் வெள்ளச்சி. அந்தச் சத்தம் அவளுக்கே புதுசாக இருந்தது. "இன்னும் ஒரே ஒரு தரம் அடிங்கய்யா. நான் போய்த் தொடைச்சு வெச்சுடறேன்."

"எதை?"

"குழியைத்தாங்க."

பதில் வருவதற்குள் ஓடிவிட்டாள். உள்ளே போய், "இன்னிக்குப் பந்து வந்தா வெளிய தள்ளாதீங்க, உள்ளயே வெச்சுக்குங்க," என்றாள்.

"பிறத்தியார் பொருளாச்சேம்மா," என்றான் பெரியவன்.

"ராஜா பிறத்தியார் இல்லடா. சொன்னதைச் செய்."

ராஜா அடித்தார். பந்து குழியைத் தாண்டிப் பறந்து, ஒரு புற்றில் மோதி நின்றது. யானை காலைத் தூக்கியது. வாசலுக்கு வந்து நின்ற வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

பந்தை உள்ளே வைக்கச் சொன்னார்களே, காணோமே என்று கடைக்குட்டி வெளியே வந்தது. தேடியது. புற்றருகே கண்டுபிடித்து, காதால் துடைத்து, கட்டிப்பிடித்து உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது.

காடே பார்த்தது.

ராஜா நரியைப் பார்த்தார். நரி வானத்தைப் பார்த்தது.

"விழுந்ததா?" என்று கேட்டார் ராஜா.

"விழுந்தது மகாராஜா. ஒரே அடியில்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. எல்லாம் என் கண்ணாடியால்தான் என்று குரங்கு குதித்தது. ராஜா மெதுவாக வந்து வளைக்கு முன்னால் குனிந்தார்.

"கேளம்மா. உனக்கு என்ன வேணும்?"

கொடியைப் பிடுங்கச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ராஜாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். யானையின் காலையும் பார்த்தாள். "புள்ளைங்க தலையில விழுதுங்கய்யா," என்று மட்டும் சொன்னாள்.

அவ்வளவுதான். வந்த சாமான் எல்லாம் வளைக்குள் போனது. கையுறை குட்டிகளுக்கு மெத்தை ஆனது. ஆளுக்கொரு தொப்பி. வாசலில் குடை. இந்தக் குடும்பத்தை எந்த நரியும் தொடக்கூடாது என்று ராஜா ஆணையும் போட்டார். நரி எச்சிலை விழுங்கிக்கொண்டு அதைப் படித்தது.

அதன்பிறகு ராஜா வெறும் மட்டையோடுதான் ஆடினார். ஓர் அடிகூடத் தவறவில்லை. பந்து ஆற்றுப் பக்கம் போனாலும், பொழுது சாய்வதற்குள் குழிக்கு வந்து சேர்ந்துவிடும்.

நீதி: புதிதாக ஆட வருகிறவர் குடை, கையுறை என்று அலைய வேண்டாம், குழிக்குள் வேண்டியவர் ஒருவர் குடியிருந்தால் போதும்.