சலவை இயந்திரத்துக்கு நான் போட்ட உத்தரவு

மதியம் சாப்பிட்டதும் அரைமணி நேரம் தூங்குவது என் பிறப்புரிமை என்று போன மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டிலிருந்தே வேலை. மேஜையிலிருந்து கட்டில் இரண்டடி. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரம். நான் கண்ணை மூடினால் அது வாயைத் திறக்கும்.

மனைவிக்கு மருந்துக்கடையில் மாலை ஷிஃப்ட். மதியம் துவைத்தால்தான் வெள்ளைக் கோட்டு அவள் கிளம்புவதற்குள் காயும்.

"காலையில துவைக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"காலையில நீங்க துவைங்களேன்."

பேச்சுவார்த்தை அதோடு முறிந்தது. நேராக மோதினால் என் மண்டைதான் உடையும். எனவே என் தொழிலைக் கையில் எடுத்தேன்.

நான் ஒரு மென்பொருள் லைப்ரரி எழுதுகிறேன். மின்சாரத் தேவை கூடும்போது கரண்ட் கம்பெனியின் சர்வர், 'கொஞ்சம் குறைத்துக்கொள்' என்று வீடுகளுக்கு உத்தரவு அனுப்பும். வீட்டு இயந்திரத்தில் இருக்கும் 'கிளையன்ட்' என்ற குட்டி நிரல் அதை வாங்கி, இயந்திரத்தை நிறுத்தி, 'ஏற்கப்பட்டது' என்று பதில் போடும். எதிர்த்துப் பேசாது. அப்படிப்பட்ட கிளையன்டுகளை உருவாக்குவதற்கான கருவிப்பெட்டிதான் என் லைப்ரரி. சோதனைக்காக எங்கள் சலவை இயந்திரத்தில் ஒரு சின்ன டப்பாவை மாட்டியிருந்தேன். உத்தரவு போட ஆபீஸில் ஒரு போலி சர்வரும் உண்டு. தினமும் மதியம் இரண்டு மணிக்கு அது தானாக இயந்திரத்துக்கு உத்தரவும் மனைவியின் போனுக்குச் செய்தியும் அனுப்பும்படி செய்துவிட்டேன்.

முதல் நாளே இயந்திரம் பாதியில் நின்றது. அவள் போனுக்குச் செய்தியும் வந்தது.

"என்னங்க, கரண்ட் கம்பெனி மிஷினை நிறுத்திட்டாங்களாம். தேவை அதிகமாம்."

"அடடா! ஊருக்காக நாமதான் பொறுத்துக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"அரைமணி நேரம் இருக்கும்." கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

ஒரு வாரம் சொர்க்கம். அவள் காயாத கோட்டோடு வேலைக்குப் போனாள். பாவமாகத்தான் இருந்தது. படுத்ததும் மறந்துபோயிற்று.

நேற்று சாப்பிடும்போதே தெரு முழுக்கக் கரண்ட் போனது. மிஷினும் ஓடாது, மேனேஜரும் கூப்பிட மாட்டார். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். விழித்தால் கட்டிலருகே பக்கெட். பக்கெட்டில் நுரை. பக்கத்தில் மனைவி.

"நல்லாத் தூங்கினீங்களா?"

"கரண்ட் இல்லல்ல, அதான்..."

"ஆமா, தெருவுல ஒரு பல்பு எரியல. ஆனா ரெண்டு மணிக்கு டாண்ணு மெசேஜ் வந்துச்சு. தேவை அதிகமாம், மிஷினை நிறுத்திட்டாங்களாம்."

போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

"கம்பெனிக்காரங்க கவனிச்சிருக்க மாட்டாங்க."

"எப்படிக் கவனிப்பாரு? இந்தக் கட்டில்ல குறட்டை விட்டுட்டுல்ல இருந்தாரு! மிஷின்ல அந்த டப்பாவை மாட்டினது யாரு?"

"அது... சும்மா டெஸ்டிங்மா."

"ஒரு வாரமா ஈரக் கோட்டைப் போட்டுட்டுத் தும்மித் தும்மி, ஊருக்கெல்லாம் சளி மாத்திரை குடுத்துட்டிருக்கேன். டெஸ்டிங்காம்!" பக்கெட்டைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "இப்ப நான் டெஸ்ட் பண்றேன். கோட்டு ரெண்டு இருக்கு. காலரை அழுத்தித் தேய்ங்க. இனிமே தினமும் ரெண்டு மணிக்கு."

"எவ்ளோ நாளைக்கு?"

"தேவை குறையற வரைக்கும்."

எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன். இந்த மாதிரி உத்தரவுக்கு என்ன பதில் போட வேண்டும் என்று எழுதி வைத்தவனே நான்தானே?

"ஏற்கப்பட்டது" என்றேன்.