உறையை மட்டும் தாங்கோ

முத்திரை அல்பத்தின் பதினேழாம் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. சுதாகரன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் வெறுமைதான்.

“இஞ்சாரும், இதுக்குள்ளை இருந்த உறை எங்கை?”

“எனக்கென்ன தெரியும்? மகளைக் கேளுங்கோ” என்று குசினிக்குள் இருந்தே பதில் சொன்னாள் மனைவி உதயகலா.

மகள் மதுரா தலைமுடியைப் பின்னிக்கொண்டே வந்தாள். “பிளேன் படம் போட்ட முத்திரை ஒட்டின உறையோ, அப்பா? அதுக்குள்ளைதான் என்ரை சாதகக் குறிப்பை வைச்சு புறோக்கர் ஏரம்பு மாமாவிட்டைக் குடுத்தனான். மாப்பிள்ளைக்குப் பலாலி எயார்ப்போட்டிலை வேலையெல்லோ? பொருத்தமாய் இருக்குமெண்டு நினைச்சன்.”

“பாத்தியளே, பிள்ளைக்கு எவ்வளவு விருப்பமெண்டு!” என்று உதயகலா அகப்பையோடு வெளியே வந்து பூரித்துப்போனாள்.

சுதாகரன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதர் வேலை, அரியாலையில் சொந்த வீடு, இவ்வளவுதான் சுதாகரன். சீவியத்தில் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. ஆனால் அவருடைய அல்பத்தில் உலகத்து விமானமெல்லாம் பறந்தது. ஒரேயொரு நிபந்தனை, அது ஆட்களை ஏற்றிப் போகிற விமானமாக இருக்கவேண்டும். சின்ன வயதில் விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்த மனுஷன் அவர். குண்டு போடுகிற சாதியை அல்பத்தில் அண்டவிடமாட்டார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு, 1994 டிசெம்பர் ஏழாம் திகதி சீல் குத்தி வெளிவந்த அந்த முதல்நாள் முத்திரை உறையில்தான் அவர் உயிரையே வைத்திருந்தார். பதினொரு வருஷம் தேடி, ஊர் உலகத்துக்கெல்லாம் கடிதம் எழுதி எடுத்தது.

திடீரென்று அவருக்கு வேறொரு பயம் பிடித்தது. “ஐயோ பிள்ளை, மஞ்சள் பூசினனியோ?”

நல்ல காரியத்துக்குப் போகிற கடதாசிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் பூசாவிட்டால் இங்கே எவருக்கும் மனம் ஆறாது.

“இல்லை அப்பா. ஒட்டவுமில்லை, சும்மா செருகித்தான் விட்டனான்.”

சுதாகரன் ஏரம்புவுக்குப் போன் எடுத்தார்.

“நேற்றே குடுத்தாச்சு. இண்டைக்குப் பின்னேரம் சாமியறையிலை வைச்சு, மஞ்சள் பூசி, சாத்திரியாரிட்டைக் கொண்டுபோகினமாம்” என்றார் ஏரம்பு. “நீங்கள் மட்டும் அங்கை போயிடாதேங்கோ. பொருத்தம் பாக்க முன்னம் பொம்பிளையின்ரை தேப்பன் வாசலிலை நிண்டால் கதை வேறை மாதிரிப் போயிடும்.”

“நான் ஏன் போறன்?” என்று போனை வைத்த சுதாகரன், அடுத்த நிமிஷம் சாவகச்சேரிக்கு மோட்டார் சைக்கிளை முறுக்கினார்.

மாப்பிள்ளையின் தகப்பன் முருகேசு வாய் நிறைய வரவேற்றார். “வாங்கோ, இருங்கோ. என்ன திடீரெண்டு?”

“அண்ணை, நாங்கள் அனுப்பின குறிப்பிலை ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு.”

உட்காரப்போன முருகேசு பாதியில் நின்றார். “பிழையோ? செவ்வாய்க் குற்றமோ?”

“சீச்சீ! குறிப்பு சுத்தம். பிழை உறையிலைதான். குறிப்பை நீங்கள் வைச்சிருங்கோ. உறையை மட்டும் தாங்கோ.”

கலியாணம் பேசுகிற ஊரில் குறிப்பைத் திருப்பிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். குறிப்பை வைத்துக்கொண்டு உறையைத் தா என்றவர் இவர் ஒருவர்தான். அறைக்குள் காது கொடுத்துக்கொண்டிருந்த முருகேசுவின் மனைவி சிவக்கொழுந்து வெளியே வந்துவிட்டார்.

“நான் அப்பவே சொன்னனான்! உறையிலை 1994 எண்டு சீல் குத்திக் கிடக்கு. பிறந்த உடனை எழுதின குறிப்பை வைச்ச உறையாயிருக்கும். அப்ப பொம்பிளைக்கு முப்பது. குறிப்பிலை மட்டும் இருபத்தைஞ்சு!”

“ஐயோ அக்கா, மதுரா பிறந்தது தொண்ணூற்றொன்பதிலை. உறைதான் தொண்ணூற்றிநாலு.”

“பிள்ளை பிறக்க அஞ்சு வருசத்துக்கு முன்னமே உறை வாங்கி வைச்சனியளோ?” என்று கேட்டார் முருகேசு.

“இல்லையண்ணை, அதை நான் எடுத்தது மூண்டு வருசத்துக்கு முன்னம்.”

“மூண்டு வருசத்துக்கு முன்னம் எடுத்த உறையிலை முப்பது வருசத்துக்கு முந்தின சீலோ? கள்ளச் சீலும் குத்துவியள் போலை!”

இனி உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் தப்பலாம் என்று சுதாகரன் முடிவு செய்தார். “நான் முத்திரை சேர்க்கிறனான், அண்ணை. இது 1944ஆம் ஆண்டு அலுவல். சிக்காகோவிலை ஐம்பத்திரண்டு நாடு ஒண்டாய்ச் சேந்து...”

“போதும்!” என்று கையெடுத்துக் கும்பிட்டார் முருகேசு. “ஒரு வயசைக் கேட்டால் மூண்டு வயசு சொல்லுறியள். இப்ப நாப்பத்திநாலிலை வந்து நிக்கிறியள். இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது. தம்பி, அதைக் கொண்டுவந்து குடு!”

மாப்பிள்ளை மயூரதன் உள்ளேயிருந்து உறையைக் கொண்டுவந்தான். இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்ரிக் பைக்குள் போட்டிருந்தான். ஒரு மடிப்பில்லை, ஒரு கறையில்லை. குறிப்பைத் தனியாகக் கொடுத்தான்.

“கவனமாய்க் கொண்டுபோங்கோ, அங்கிள்” என்றான்.

இப்பேர்ப்பட்ட தங்கமான பெடியனைத் தவறவிட்டோமே என்று சுதாகரனுக்கு வயிறு எரிந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் கவலைப்பட வேண்டும் என்று அவர் மனதாரத்தான் முயன்றார். நாவற்குழிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. சேர்ட்டுக்குள் உறை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருந்தது. பாழாய்ப்போன சந்தோஷம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுப் படலையைக் கண்டதும்தான் குற்றவுணர்ச்சி வந்து சேர்ந்தது.

அவர் வந்து சேர முன்பே ஏரம்பு உதயகலாவுக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார்.

“ஒரு கடதாசித் துண்டுக்காகப் பிள்ளையின்ரை கலியாணத்தையே குழப்பிப்போட்டு வந்து நிக்கிறியளே!” என்று உதயகலா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுதாகரன் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். கண் கலங்கிவிட்டது. “பிள்ளை, என்ரை விசரிலை உன்ரை நல்ல வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்.”

மதுரா உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தாய்க்குக் கேட்காதபடி தகப்பனின் காதருகே குனிந்தாள்.

“மாப்பிள்ளைக்கும் என்னை மாதிரி இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லையாம், அப்பா. அதுதான் நீங்கள் போய்க் கேக்கும்வரைக்கும் மஞ்சள் படாமல் வைச்சிருக்கச் சொல்லி அவருக்கு நான் முதலே மெசேஜ் போட்டனான்.”