நான் அடிபட்டுக் கிடந்த மீட்பு ஒத்திகை

பேரிடரிலிருந்து ஒரு தெருவையே காப்பாற்றக் கிளம்புகிறவன், அன்றைக்கு மதியம் அளவாகச் சாப்பிட வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு வேகவதி ஆற்றுக்குப் பக்கம். ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்து, நெசவு செய்கிறவர்கள் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிகளையெல்லாம் நிரப்பிவிட்டுப் போனது. அன்று யாரை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நடக்க முடியாத ஒரு பெரியவரை ஆளுக்கொரு திசையில் இழுத்தோம். (அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.) தண்ணீர் வடிந்ததும் தெருவுக்கென்று ஒரு மீட்புக் குழு அமைத்து, என்னைத் தலைவனாக்கினார்கள். நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்குத் தொலைநோக்கு இருக்கும் என்று நம்பியிருக்கலாம்.

அடுத்த மழைக்கு முன் ஓர் ஒத்திகை பார்த்துவிட முடிவு செய்தோம். ஒருவர் அடிபட்டு மயங்கிக் கிடப்பார். எலக்ட்ரீஷியன் தேவராஜ் தலைமையில் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, தெருக்கோடியில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். எதிர்வீட்டு விஜயா அக்கா, அடிபட்டவரின் வெளியூர்ச் சொந்தத்துக்குப் போன் செய்து தகவல் சொல்வார். அக்காவிடம் நான் கறாராகச் சொல்லியிருந்தேன்.

"ஒத்திகைன்னு மட்டும் சொல்லக் கூடாதுக்கா. நிஜமா நடந்தா எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே பேசணும்."

"பாவம், பயந்துட மாட்டாங்களா?"

"அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுவோம்க்கா."

சொல்லியும் வைத்தோம். அடிபட வேண்டியவன் தேவராஜின் தம்பி. திருப்புட்குழியில் இருக்கும் அவனுடைய மாமாவுக்கு விஷயம் தெரியும். ஆனால் அன்று பார்த்துத் தம்பிக்கு வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது. ஒத்திகை நின்றுவிடக் கூடாதே என்று நானே அடிபட முன்வந்தேன். என் வெளியூர்ச் சொந்தம் ஐயம்பேட்டையில் இருக்கும் மாமியார் என்பதும், அவருக்கு இந்த ஒத்திகையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. என் மனைவி சுமதி செய்த வத்தக்குழம்பும் தயிர்சாதமும் வயிற்றில் கனமாக இருந்தன. அப்படி இருக்கும்போது எதுவும் உறைக்காது.

தேவராஜ் என் தலையில் கட்டுப் போட்டு, குங்குமத்தைக் கரைத்துத் தாராளமாக ஊற்றினார். விசில் ஊதியதும் தூக்கினார்கள்.

அந்த நிமிஷத்தை என்னால் மறக்கவே முடியாது. பிறந்து வளர்ந்த தெருவை அதுவரை நான் மல்லாந்து பார்த்ததில்லை. மாடிக் கைப்பிடிச் சுவர்கள், கேபிள் ஒயர்கள், காயப்போட்ட அரக்குச் சேலை ஒன்று, அதற்கும் மேலே மழையைச் சுமந்துகொண்டு மெல்ல நகரும் மேகங்கள். ஒரு பக்கம் தறிச் சத்தம் தேய, மறுபக்கம் இன்னொன்று எழுந்தது. தூரத்துக் கோபுரம் கொஞ்சம் சாய்ந்து, என்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது. தூக்கியவர்கள் நடந்த நடையில் ஓர் ஆட்டம் இருந்தது. வீதி உலா வரும் பெருமாளுக்கு இப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். (அவர் கண்ணை மூடுவதில்லை. நான் மூடினேன்.)

கனவில் தெரு முழுக்கத் தண்ணீர். ஆனால் பயமாக இல்லை. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். அதற்கடியில் தறிகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பாவு நூல்களுக்கு நடுவே சின்ன மீன்கள், தறியில் குறுக்கே ஓடும் நாடா மாதிரி போய்ப் போய் வந்தன. நெய்த பட்டு நீரோட்டத்தில் அவிழ்ந்து, நீண்டு, மயில்கழுத்து நிறத்தில் எங்கோ போய்க்கொண்டே இருந்தது. நான் அதன்மேல் மிதந்தேன். தூரத்தில் ஒரு படகு வந்தது. அதில் என் மாமியார் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு அழகான இடத்தில் அத்தை ஏன் அழுகிறார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அழுகை நெருங்கி வந்தது. "தூங்கறா மாரியே இருக்குதே முகம்" என்றது.

கண் விழித்தேன். மண்டபத்தில் மின்விசிறிக்கு அடியில் கிடந்தேன். என்னைக் கிடத்திவிட்டு எல்லோரும் வெளியே கயிறு கட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். எதிரே, விஜயா அக்காவின் போனைக் கேட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய மாமியார் தலைவிரி கோலமாக நின்றார். நான் மரியாதைக்காகச் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "வாங்க அத்தை" என்றேன்.

ரத்தக் கட்டோடு பிணம் எழுந்து வரவேற்றதைப் பார்த்தவர், பேச்சுமூச்சில்லாமல் சாய்ந்தார். போகிற போக்கில் பெஞ்சு விளிம்பில் நெற்றி இடித்தது.

தெருவுக்கே முதலுதவி சொல்லிக்கொடுத்த நான், "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டு சுற்றினேன். கிடைத்த சொம்பை அவர் வாயருகே கொண்டுபோனபோது, ஓடிவந்த விஜயா அக்கா அதைப் பிடுங்கினார்.

"மயக்கத்துல இருக்கறவங்க வாயில தண்ணி ஊத்தாதேன்னு நீதானப்பா சொன்னே. நவுரு."

நகர்ந்தேன். குழுவினர் அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், மூச்சைப் பார்த்தார்கள், அசங்காமல் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். தேவராஜ் வாசலில் ஆட்டோவைத் தயாராக நிறுத்தியிருந்தார். யாரும் யாரையும் இழுக்கவில்லை. மண்டபத்து அடுப்படியில் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்த சுமதி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை இறங்கியிருப்பதாகச் சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும்போது போன் வந்து, அப்படியே கிளம்பிவிட்டாராம். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அத்தை கண் திறந்ததும் கேட்டார்.

"மாப்ள பூட்டாரா?"

"எங்கியும் போவலம்மா" என்றாள் சுமதி. "தூங்கிக்கினு இருந்தாரு."

செய்தி ஊரெல்லாம் பரவியது. அதுவரை கூட்டத்துக்கு வராதவர்கள்கூட, செத்துப் பிழைத்த தலைவனைப் பார்க்கவென்றே வந்தார்கள். வந்தவர்களில் பலர் குழுவில் சேர்ந்தார்கள்.

அடுத்த மழையில் நிஜமாகவே ஆறு ஏறியது. தெரு முழுவதையும் பகலிலேயே மண்டபத்துக்கு மாற்றிவிட்டோம். ஜன்னல் வழியே பார்த்தேன். தண்ணீர் சேற்று நிறத்தில் இருந்தது, மீன்கள் இல்லை. விஜயா அக்கா ஒவ்வொரு வீட்டின் சொந்தத்துக்கும் போன் செய்தார். ஐயம்பேட்டைக்குச் செய்யும்போது ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"அம்மா, இது நெசம். தெருவுல தண்ணி வந்துக்கினு இருக்குது. எல்லாரும் பத்திரமா இருக்கோம்."

"அதெல்லாம் இருக்கட்டும்மா" என்றார் என் மாமியார். "மாப்ள முழிச்சிக்கினு இருக்காரா?"

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து ஐயம்பேட்டையிலிருந்து எந்தப் போன் வந்தாலும், கல்யாணமோ காதுகுத்தோ, முதல் கேள்வி இதுதான். போன வாரம் எங்கள் கல்யாண நாளுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார், அதையே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சுமதி போனை வாங்கி, "இரும்மா, பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.