சம்பந்தமே இல்லை

"அப்பா, உங்க டி.என்.ஏ. ரிசல்ட் வந்திருச்சு. தென்னிந்தியா, இலங்கைன்னு ரெண்டையும் ஒண்ணாத்தான் போட்டிருக்கான்" என்றான் நிர்மலன்.

யோகநாதன் மகனின் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தார். "இதென்னடா, ரோஜாக் மாதிரி கலந்து வச்சிருக்கான்?"

காப்பார் ஊரில் லோரி வைத்திருக்கும் பழனியப்பனின் மகள் மலர்விழியைத்தான் கட்டுவேன் என்று நிர்மலன் ஒற்றைக்காலில் நின்றான். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணக் குடும்பத்துக்கும் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று டி.என்.ஏ.வை வைத்தே நிரூபித்துவிடலாம் என்று நம்பியிருந்தார் யோகநாதன்.

"அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு. அப்பத் தெரியும் வித்தியாசம்!"

பழனியப்பன் மறுக்கவில்லை. சில வாரங்களில் யோகநாதனின் கைப்பேசிக்கே ஒரு தகவல் வந்தது. அவருக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் கிடைத்திருக்கிறாராம். பெயர் பழனியப்பன்.

மனைவி இராசேஸ்வரி எட்டிப் பார்த்தார். "உங்க தாத்தா ரயில்வேயில எந்தெந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆனாரு?"

"சும்மா இரு லா!"

வெளிறிப்போன யோகநாதன், ஒரு தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் தெளிந்துவிட்டார். அன்று மாலையே மனைவி, மகனோடு காப்பாருக்குக் காரை விட்டார். வாசலிலேயே பழனியப்பனைக் கட்டிப்பிடித்தார்.

"தம்பி! ரத்தம் பேசிருச்சு தம்பி!"

"அண்ணே!" பழனியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதனாலதான் சொல்றேன். நீ எனக்குத் தம்பின்னா, உன் மக என் பையனுக்குத் தங்கச்சி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் யாராச்சும் கல்யாணம் பண்ணி வைப்பாங்களா?"

மலர்விழி அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். நிர்மலன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"எனக்கும் வருத்தந்தான். என்ன செய்யறது, சயின்ஸ் சொல்லுதே" என்றபடி சோபாவில் சாய்ந்து முறுக்கைக் கடித்தார் யோகநாதன்.

அதுவரை வாயே திறக்காத பழனியப்பனின் மனைவி சீதாலெட்சுமி, காப்பித் தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"டெஸ்ட் கிட்டை வாங்கிப் பேரைக் குடுத்ததுதான் இவரு. அரை மணி நேரம் ஒண்ணுமே சாப்பிடக் கூடாதுன்னு தெரிஞ்சதும், டியூப்பை என் கையில குடுத்துட்டாரு. அதுல துப்பினது நான்தான். காப்பி எடுத்துக்குங்க அண்ணே, உங்க பையன் என் மகளுக்கு முறை மாப்பிள்ளை!"