பாரிசில் உன் அக்கா தொலைந்துபோன விவரம்

பாரிஸ்,
ஜூன் 2007

அன்புள்ள மச்சான் கதிர்வேலுக்கு,

மாமா ராஜாமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா கொளஞ்சியும், மகள் எழிலரசியும், மாப்பிள்ளை அருண்குமாரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். சிதம்பரத்தில் நீயும் பொன்னியும் பிள்ளைகளும் ஜவுளிக்கடையும் அதேபோல் இருக்க நடராஜரை வேண்டிக்கொள்கிறேன். உன் அக்கா நலம் என்பதை இன்னொரு முறையும் எழுதிவிடுகிறேன். கீழே வருவதைப் படித்துவிட்டு நீ பதறக்கூடாது.

இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், எல்லாம் பெரிசு, வீடு மட்டும் சிறிசு. உலக்கை நீளத்துக்கு ரொட்டி செய்து, அதைப் பையில்கூடப் போடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள். கடைக்குள் நுழைந்தால் முதலில் 'பொஞ்சூர்' சொல்ல வேண்டும். நான் நேராக 'பால்' என்று கேட்டேன், அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நம் காட்டுமன்னார்கோயில் உரக்கடையில் யூரியா கேட்டு வருகிறவனெல்லாம் எனக்கு முதலில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், வியாபாரம் முடியாமல் நான் இன்னும் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். இன்னொரு தொல்லை, சூரியன். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இருட்டினால்தான் சாப்பிடுவேன் என்று முதல் நாள் பிடிவாதமாக இருந்து, கடைசியில் பசி தாங்காமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முழுகாமல் இருக்கும் எழிலுக்கு மாங்காய் மேல் ஆசை வந்துவிட்டது. ஈழத்துத் தமிழர்கள் கடை வைத்திருக்கும் தெரு ஒன்று இருக்கிறது, அங்கே எல்லாம் கிடைக்கும், ஆனால் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் போக வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். "நாமளே போயி வாங்கியாந்துடலாம், வாங்க"ன்னா உன் அக்கா. நான் யோசித்தேன். மீனம்பாக்கத்தில் நீ என்ன சொன்னாய்? "மாமா, எங்கக்கா வெவரம் தெரியாதது, ஒரு எடத்துலயும் தனியா வுட்டுடாதீங்க"ன்னு சொன்னியே, அது காதிலேயே நின்றது. அதனால் நானே பொறுப்பெடுத்து, மகளுடைய டெலிபோன் நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாறுகிற இடத்தில் ரயில் வந்து நின்றது. உன் அக்கா முதலில் ஏறினாள். நான் காலை வைக்கும்போது உள்ளேயிருந்து கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் இறங்கியது. மரியாதைக்கு நான் ஒதுங்கி நின்றேன். நாய் இறங்கியது, நாய்க்குச் சொந்தக்காரி இறங்கினாள், மணி அடித்தது, கதவு சாத்திக்கொண்டது. விசில் இல்லை, 'ஏறியாச்சா' என்று கேட்க ஒரு கண்டக்டர் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அக்கா, இந்தப் பக்கம் நான். அவள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். பாவம், அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

மச்சான், அடுத்த ரயிலில் பாய்ந்து ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால் ஆளைக் காணோம். படி ஏறினேன், படி இறங்கினேன், வேறொரு ரயிலில் ஏறினேன், கடைசியில் வெளியே வந்து பார்த்தால் ஏதோ ஒரு ஆறு ஓடுது. ஸ்வெட்டருக்குப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தாளே, அதைக் காலையில் பார்த்தும் சொல்லாமல் விட்டேனே என்று அந்த நேரத்தில் அதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. ஒரு போலீஸ்காரரைப் பிடித்து 'பொஞ்சூர்' என்றேன். மேற்கொண்டு எனக்கு வார்த்தை இல்லை. மூக்கைத் தொட்டு மூக்குத்தி என்று காட்டினேன், இடுப்பில் கொசுவம் வைப்பதுபோல் புடவையைக் காட்டினேன், இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினேன். உன் அக்கா உயரம்தான் உனக்குத் தெரியுமே. குழந்தையைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவர் வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டார். பிறகு நம்பரைக் கொடுத்தேன். அதற்குள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த எழில் போனில், "அப்பா, எங்கப்பா இருக்கீங்க? அம்மா அப்பவே வீட்டுக்கு வந்துட்டாங்க, மாங்காயோட"ன்னுச்சு. யாரோ ஈழத்துப் பெண்மணி உதவி செய்தாளாம். போலீஸ்காரர் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்காவைக் கண்டிப்பாக நாலு வார்த்தை கேட்டேன். தலை குனிந்து நின்றாள். பயந்துபோயிருக்கிறாள், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. இந்த ஊர் அவளுக்குச் சரிப்படாது. ஆகவே மாதக் கடைசியில் இருவரும் திரும்புகிறோம். எழிலையும் பிரசவத்துக்கு ஊருக்கே வரச் சொல்லிவிட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பொன்னியைக் கேட்டதாகச் சொல்லவும். ஆடி வியாபாரம் பிரமாதமாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா ராஜாமணி

பின்குறிப்பு: தம்பி கதிர்வேலு, அக்கா எழுதுறேன். கவர ஒட்டிப் போடச் சொல்லி உங்க மாமா என்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். கண்ணாடிக்குள்ளேர்ந்து நான் அழுவல, "அங்கியே நில்லுங்க, வந்துடறேன்"னுதான் சொன்னேன். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி, எதுத்தாப்புல வந்த வண்டியில திரும்பி வந்து பாத்தா இவரு இல்ல. ரொம்ப நேரம் நின்னேன். அப்பறம் நெத்தியில பொட்டு வச்ச பொம்பளையா பாத்துக் கேட்டேன், அது கடைக்கும் கூட்டிப்போயி ரயிலும் ஏத்திவுட்டுச்சி. நேத்து நானே தனியா போயி முருங்கக்கா வாங்கியாந்தேன்.

எழிலுக்குப் பிரசவம் இங்கதான். நான் இருந்து பாத்துட்டுத்தான் வருவேன். உங்க மாமா மட்டும் வர்றாரு, இத இன்னும் அவருகிட்ட சொல்லல. அவர உன் வூட்டுலயே தங்க வச்சி ரெண்டு வேளையும் சோறு போடு. நாலு வார்த்த கேட்டேன்னு எழுதியிருக்காரே, ஒரு வார்த்த கூட வரல தம்பி அவருக்கு. வந்ததும் என் கையப் புடிச்சாரு, வுடவேயில்ல. சோறு வடிக்கணும், வுடுங்கன்னேன். ஒத்தக் கையால வடின்னுட்டாரு.