பிரசிடெண்டைச் சாட்சிக்கு இழுத்த சொல்தா

அன்றைக்கு என் ஜெராக்ஸ் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கல்லாவுக்குப் பின்னால் நான். பிளாஸ்டிக் நாற்காலியில் சொல்தா. நாற்காலி போட்டும் உட்காராமல் நின்ற அவர் மனைவி ராஜாமணி அம்மா. ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் போட வந்து, போட்டு முடித்த பிறகும் கிளம்பாமல் நின்ற போலகத்து அக்கா ஒருவர். யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்காத நாள் நடந்த நாளே இல்லை என்பது சொல்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டியிடம் சொன்ன ஒரு சாக்கை நிரூபிப்பதற்காக ஒரு நாட்டின் அதிபரையே சாட்சிக்கு இழுத்த புருஷன் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் காரைக்காலில், என் கடையிலிருந்து பத்தாவது வீட்டில் குடியிருக்கிறார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இன்னும் சில சொல்தாக்கள் ஊரில் உண்டு. ஆனால் பெயரில்லாமல் வெறும் சொல்தா என்றால் இவர்தான். எழுபது வயதிலும் சட்டையின் கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மத்தி மீன் வாங்க வந்தாலும் அதே மடிப்புதான். மண்டபத்தூரிலிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரம்மா இவரைக் கண்டதும் கூடையை ஒரு முழம் தள்ளி வைத்துவிடுவார், தண்ணீர் தெறித்தால் யார் பதில் சொல்வது என்று. அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் ஊர் மணி காட்டும், மற்றது பிரான்ஸ் மணி காட்டும். சொல்தா ராணுவத்தில் இருந்த காலத்தில் ராஜாமணி அம்மா வாங்கி மாட்டியது அது. இப்போது மகள் அங்கே இருப்பதால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் வீட்டுச் சண்டை தெருவுக்கே மனப்பாடம். சொல்தா பால் வாங்கப் போய்ப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், வாசலிலேயே ராஜாமணி அம்மா கேட்பார்: "ஏன், பிரசிடெண்டு வந்துட்டாரா?" காஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்தால், பிரசிடெண்டு வந்துட்டாரா. மருந்துச் சீட்டைத் தொலைத்தால், பிரசிடெண்டு வந்துட்டாரா. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஒரே கேள்வி. சொல்தா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்.

அதன் கதை இதுதான். கல்யாணமான புதிது. சொல்தா பிரான்ஸில் ஒரு ராணுவ முகாமின் சமையற்கட்டில் வேலை. ராஜாமணி அம்மா இங்கே. அப்போதெல்லாம் வீட்டில் போன் கிடையாது. கடிதத்தில் நாளும் மணியும் குறித்துக்கொண்டு, கோயில் தெருவில் ஒரு பாய் கடைக்கு இந்த அம்மா போய் நிற்க வேண்டும். அவர் அங்கிருந்து கூப்பிடுவார். மணி என்றால் எப்போதும் நம் ஊர் மணி. அப்படி ஒரு முறை குறித்த நாள், மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிற நாள். மாலை நாலு மணி. மாடியிலிருந்து வீசிய பழங்களில் ஒன்று ராஜாமணி அம்மாவின் முந்தானையில் வந்து விழுந்தது. எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு அப்படிப் பழம் விழுந்தால் சீக்கிரமே மடியில் குழந்தை என்று அர்த்தம். அதை அவரிடம் சொல்வதற்காக நாலு மணிக்கு முன்பே பாய் கடைக்குப் போய் நின்றார். ஆறு மணி வரைக்கும் நின்றார். போன் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'அன்று எங்கள் முகாமுக்குப் பிரசிடெண்ட் வந்துவிட்டார். சமையற்கட்டுக்கே வந்து அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தார். ஆகையால் கூப்பிட முடியவில்லை.'

நாட்டின் அதிபர் அண்டா மூடியைத் திறந்து பார்த்தார் என்பதை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? ராஜாமணி அம்மாவும் நம்பவில்லை. அவ்வளவுதான்.

போன வருஷம் மகள் போனில் ஒரு விஷயம் சொன்னாளாம். பழைய அதிபர்கள் எந்த நாள் எத்தனை மணிக்கு எங்கே போனார்கள், யாரைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அங்கே அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது, எழுதிக் கேட்டால் நகல் அனுப்புவார்கள் என்று. மறுநாள் காலை சொல்தா இஸ்திரிச் சட்டையோடு என் கடை வாசலில் நின்றார்.

"தம்பி, ஒரு மெயில் அனுப்பணும். பிரசிடெண்டோட டைரி வேணும்."

கரண்ட் போனால்கூட நம் பெயரில் ஏதாவது பாக்கி இருக்குமோ என்று பதறுகிறவன் நான். ஒரு நாட்டின் அதிபர் எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போனார் என்று என் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கேட்டால் என் கதி என்ன? இது பழைய அதிபர், பழைய டைரி, கேட்பது சட்டப்படி தப்பில்லை என்று சொல்தா அரைமணி நேரம் விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பினேன். பிரெஞ்சில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் மாதிரி அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது. மிகவும் மரியாதையான பதிலாம். சொல்தா மூன்று முறை வாசித்துக் காட்டினார். கூடவே அவர் கேட்ட ஒரு வாரத்துக்கான பக்கங்கள். தட்டச்சு செய்த தாள்கள், ஓரத்தில் பேனாத் திருத்தங்கள். ஒன்பது மணி, மந்திரி. பத்தேகால், தூதர். பன்னிரண்டரை, விருந்து. ஒவ்வொன்றுக்கும் கீழே 'உடனிருந்தவர்கள்' என்று ஒரு பட்டியல். முகாமைப் பற்றி ஒரு வரி இல்லை.

சொல்தா அசரவில்லை. அடுத்த வாரத்தைக் கேட்டார். பிறகு முந்தின வாரத்தை. இப்படி நாலு மாதம். அதற்குள் அவர் அந்த அதிபரோடு குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டார். கடைக்குள் நுழையும்போதே, "பாவம் தம்பி, நேத்து ஒம்பது பேரைப் பாத்திருக்காரு, சாப்பிடவே ரெண்டரை ஆயிருக்கு" என்பார். நேற்று என்றால் முப்பது வருஷத்துக்கு முந்தைய நேற்று. ஒருநாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டால், சாயங்கால நிகழ்ச்சி ரத்து என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது, காரணம் போடவில்லை, உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்றார். எனக்கும் கவலையாகிவிட்டது. மறுநாள் தாளில் காலை எட்டரைக்கே வேலைக்கு வந்துவிட்டார் என்று பார்த்த பிறகுதான் இருவரும் டீ குடித்தோம்.

நான் பயந்த நாளும் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் லீவ் லெட்டர் நகல் எடுக்க வந்தார். மேஜை முழுக்கத் தாள்கள். சொல்தா அவற்றின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன இது என்று போலீஸ்காரர் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் சொல்தா உற்சாகமாகச் சொல்லிவிட்டார்: "பிரசிடெண்டு எத்தனை மணிக்குக் கிளம்புறாரு, எந்தப் பக்கம் போறாருன்னு பாக்குறோம் சார்."

நான் அவசரமாகக் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன்.

"எந்தப் பிரசிடெண்டு?"

"பழையவரு சார். போக வேண்டிய இடமெல்லாம் எப்பவோ போயிட்டு வந்துட்டாரு. இனிமே நாம என்ன பண்ண முடியும்?"

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எனக்கு ரெண்டு காப்பி, முன்பக்கம் பின்பக்கம் சேத்து" என்றார். அவரிடம் நான் காசே வாங்கவில்லை.

நாலாவது மாதக் கடைசியில், சுவரில் புது வருஷக் காலண்டரை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாங்கனித் திருவிழா போன வருஷத் தேதியில் இல்லை.

"முசியே," ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது, "அந்த வருஷத்து மாங்கனித் தேதியை எதைப் பார்த்துக் குறிச்சீங்க?"

"காலண்டரப் பாத்துத்தான்."

"எந்த வருஷத்துக் காலண்டர்?"

சொல்தா மின்விசிறியைப் பார்த்தார். திருவிழா ஆனிப் பௌர்ணமிக்கு வரும், பௌர்ணமி வருஷா வருஷம் நகரும் என்பது காரைக்காலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவர் போன வருஷத்துத் தேதியை முப்பது வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, அதைச் சுற்றி நாலு மாதம் தேடியிருக்கிறார். முன்னாலும் பின்னாலும் தேடியவர், சரியான நாளுக்கு இரண்டு நாள் முன்பு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தார்.

நெடுங்காட்டில் ஒரு ஜோசியர் வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கங்கள் கிடைத்தன. சரியான தேதியைக் குறித்து அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கம் வந்தது. பதினைந்து மணிக்கு முகாம் வருகை. பதினைந்து பத்துக்குச் சமையற்கூடத்தைப் பார்வையிடல். உடனிருந்தவர்கள்: தளபதி, நகர மேயர், இரண்டு மருத்துவர்கள், சமையற்கூடப் பணியாளர்கள்.

சொல்தா கடைசிச் சொல்லின்மேல் விரலை வைத்தார். "இதுல நான் இருக்கேன் தம்பி." விரலை எடுக்கவே இல்லை. பிறகு, "நாளைக்கு அவளைக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். ஆனி மாதத்தில் அவர்கள் மணிக்கும் நம் மணிக்கும் மூன்றரை மணி வித்தியாசம் என்று சொல்தாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அங்கே மூன்று மணி என்றால் இங்கே ஆறரை. இந்த அம்மா நின்றது நாலிலிருந்து ஆறு வரைக்கும். அப்போது அங்கே மணி பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை. அதுவரை பிரசிடெண்ட் முகாமுக்கு வந்தே சேரவில்லை! மூன்று முறை தட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், கணக்கு தப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால்குலேட்டரையும் சந்தேகப்பட்டேன். சொல்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்று புரண்டு புரண்டு, மறுநாள் இருவரும் வந்து நிற்கும்போது இன்னும் முடிவெடுக்காமல் இருந்தேன்.

சொல்தா தாளை நீட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ராஜாமணி அம்மா முழுதும் கேட்டார். முகாம் சரி. சமையற்கட்டு சரி. அண்டா மூடி எழுதப்படவில்லை. இருந்தாலும் நம்புவதாகச் சொன்னார். சொல்தாவின் முதுகு நிமிர்ந்தது. முப்பது வருஷம் குனிந்த தலை.

"பதினஞ்சு மணின்னா மூணு மணிதானே?" என்று ராஜாமணி அம்மா கேட்டார்.

"மூணேதான்."

"அப்ப இங்க ஆறரை."

கால்குலேட்டரை நான் மேஜைக்கு அடியில் தள்ளினேன். பிரான்ஸ் கடிகாரத்தை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கால்குலேட்டர் எதற்கு?

"நான் ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிட்டேன். நாலு மணிக்கு, அங்க பன்னண்டரைக்கு, நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சொல்தா தாளைப் பார்த்தார். அதில் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. பிரசிடெண்டைப் பார்த்தார், அதாவது மேலே இருந்த பெயரைப் பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை. அவருக்கே அது அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று நான் சத்தியம் செய்வேன். மூடியைத் திறந்த கையை நினைத்து நினைத்து, அதற்கு முந்தின நேரம் அவர் மனசிலிருந்தே அழிந்துபோயிருக்கிறது.

"சட்டைய அயர்ன் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"ரெண்டு மணி நேரமா?"

"பிரசிடெண்டு பாப்பாருன்னு. மடிப்பு சரியா வரல. திரும்பத் திரும்பத் தேச்சேன். போன் மறந்துபோச்சு ராஜாமணி."

"பாத்தாரா?"

"அண்டாவத்தான் பாத்தாரு."

போலகத்து அக்கா முதலில் சிரித்தார். எனக்கும் தாங்கவில்லை. ராஜாமணி அம்மா சிரிக்கவில்லை. தாளை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் பேசினார்.

"பிரசிடெண்டு எங்க போனாரு, யாரப் பாத்தாரு, எப்ப சாப்பிட்டாருன்னு எழுதி வெக்க ஒரு கவருமெண்டே இருக்கு தம்பி. நான் எங்க நின்னேன்னு எழுதி வெக்க யாரு இருந்தா? பாய் வந்து, இனிமே வராதும்மா, வீட்டுக்குப் போன்னு சொன்னாரு. வர்ற வழியிலயே அந்தப் பழத்தத் தின்னுட்டேன். கோவத்துல கொட்டைய விட்டெறிஞ்சேன் பாருங்க, அது யார் வீட்டு ஓட்டு மேலயோ போயி விழுந்துச்சு."

சொல்தா மெல்ல என் பேனாவை எடுத்தார். அந்தத் தாளின் ஓரத்தில், பழைய குமாஸ்தாக்கள் திருத்தம் போட்டிருந்த அதே இடத்தில், நிறுத்தி நிறுத்தித் தமிழில் எழுதினார்: 'அதே நாள். காரைக்கால், கோயில் தெரு, பாய் கடை. நாலு மணி முதல் ஆறு மணி வரை. உடனிருந்தவர்கள்: ராஜாமணி, ஒரு மாம்பழம்.'

ராஜாமணி அம்மா அதை வாசித்தார். அப்புறம்தான் தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத லேமினேஷன் போட்டுக் குடுங்க தம்பி. பிரான்ஸ் கடியாரத்துக்குக் கீழ மாட்டணும்."

இப்போதும் அது அங்கேதான் தொங்குகிறது. பிரசிடெண்டு வந்துட்டாரா என்ற கேள்வி நின்றுவிட்டது. அதற்குப் பதில், இஸ்திரி முடிஞ்சுதா என்று கேட்கிறார் என்பது வேறு விஷயம்.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு, நம் ஊர் மணி நாலுக்கு, சொல்தா என் கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை எடுத்துப் பத்தாவது வீட்டுக்குப் போன் போடுகிறார். "நான்தான்" என்பார். அந்தப் பக்கம் என்ன சொல்வார்களோ, "ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்பார். வைத்துவிடுவார். போன வாரம் ஒருநாள் நாலு அடித்தும் அவரைக் காணவில்லை. என் சுபாவம்தான் தெரியுமே. மயக்கம் போட்டு விழுந்திருப்பாரோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்களோ என்று நானே அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்து, யார் என்றுகூடக் கேட்காமல், "இருக்கேன், சொல்லுங்க" என்றார் ராஜாமணி அம்மா.